கண்ணோரத்து வீக்கமும் ஸ்கேன் படமும்: வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில், கண்ணைச் சுற்றி வலியில்லாமல் வளரும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுக் கட்டிகளைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். ஒரே பத்திதான். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. புக்கிட் மெர்தாஜாம், சுங்கை பட்டாணி, கிள்ளான், செந்தூல் என்று எங்கிருந்தெல்லாமோ எழுதியிருக்கிறீர்கள். சிலர் ஸ்கேன் ரிப்போர்ட்டையே போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். முப்பது வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருட்டறையில் உட்கார்ந்து படம் பார்த்தவள் நான். ஆயிரக்கணக்கில் ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன். அதைக் கையில் வாங்கிக்கொண்டு போன குடும்பம் அன்றிரவு என்ன பாடு பட்டிருக்கும் என்பது உங்கள் கடிதங்களைப் படித்த பிறகுதான் உறைக்கிறது. அதனால் இந்த மாதம் பக்கம் முழுவதும் இதற்கே.

கேள்வி: வணக்கம் டாக்டர். அப்பாவுக்கு 67 வயது. ஆறேழு மாதமாக இடது மேல் இமை கனத்துத் தொங்குகிறது. வலி இல்லை, பார்வையும் நன்றாக இருக்கிறது. சி.டி. ஸ்கேன் எடுத்தோம். கண்ணீர்ச் சுரப்பி இருக்கும் இடத்தில் 'ஹோமோஜீனியஸ் மாஸ்', கண்ணைச் சுற்றி 'மோல்டிங்', 'நோ போனி எரோஷன்' என்றெல்லாம் எழுதி, கடைசியில் லிம்போமாவாக இருக்கலாம், பயாப்சி (கட்டியில் ஒரு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்யவும் என்று முடித்திருக்கிறார்கள். எலும்பை அரிக்கவில்லை என்றால் நல்ல கட்டிதானே? பிறகு எதற்கு பயாப்சி? அப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார். — ஒரு மகள், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: தங்கச்சி, அந்த மூன்று ஆங்கிலச் சொற்களுக்குள்தான் விஷயமே இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் இடம். கண் குழி ரொம்பச் சின்னது. ஏழு எலும்புகள் கூடி அமைத்த குழி. பெரியவர்களுக்கு அதன் கொள்ளளவு ஏறக்குறைய 30 மில்லிலிட்டர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. அதற்குள் கண் உருண்டை, அதை அசைக்க ஆறு தசைகள், பார்வை நரம்பு, இரத்தக் குழாய்கள், எல்லாவற்றையும் மெத்தைபோல் தாங்கிக்கொள்ளும் கொழுப்பு. புருவத்தின் வால் முடிகிற இடத்தில் எலும்பு விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். அதற்கு உள்பக்கம்தான் கண்ணீர்ச் சுரப்பி இருக்கிறது. அப்பாவின் கட்டி அங்கே உட்கார்ந்திருக்கிறது. அது கீழ்நோக்கி அழுத்துவதால் இமை கனக்கிறது.

'ஹோமோஜீனியஸ்' என்றால் கட்டிக்குள் எங்கே பார்த்தாலும் ஒரே சாம்பல் நிறம். சுண்ணாம்புப் புள்ளி கிடையாது, நீர்ப்பை கிடையாது, நடுவில் அழுகிய குழியும் கிடையாது. லிம்போமாவின் அணுக்கள் பெரும்பாலும் சின்னச் சின்ன உருண்டைகள். டப்பாவில் கொட்டி வைத்த கடுகுபோல் இடைவெளி இல்லாமல் நெருங்கி இருக்கும். அதனால்தான் படத்தில் அப்படி ஒரே சீராகத் தெரிகிறது.

'மோல்டிங்' என்பதைச் சமையலறையிலேயே செய்து பார்க்கலாம். பிசைந்த சப்பாத்தி மாவைக் கோலிக்குண்டின் மேல் அப்புங்கள். மாவுதான் குண்டின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும், குண்டு நசுங்காது. இந்தக் கட்டியும் கண்ணிடம் அப்படித்தான் நடந்துகொள்கிறது. விழியின் வளைவு கெடாமல், அதைத் தழுவியபடி பின்பக்கம் ஊர்ந்து போகும். கெட்டியான வேறு கட்டியாக இருந்தால் விழியின் சுவர் உள்ளே அமுங்கியிருக்கும். ஆறேழு மாதம் ஆகியும் அப்பாவுக்குப் பார்வை கெடாமல் இருப்பதற்கு இந்த மென்மையும் ஒரு காரணம்.

இப்போது எலும்பு. நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. எலும்பு அரிக்கப்படவில்லை என்றால் பல நோய்களில் நாங்களும் நிம்மதியாக மூச்சு விடுவோம். இந்த இடத்தில் அந்தக் கணக்கு வேறு. கண்ணீர்ச் சுரப்பியில் வரும் இன்னொரு வகைப் புற்றுநோய் எலும்பை அரிக்கும், வலிக்கும். அதே சுரப்பியில் வருகிற சாதுவான கட்டி ஒன்று வருஷக்கணக்கில் மெதுவாக அழுத்தி, எலும்பில் வழவழப்பான பள்ளம் போட்டிருக்கும். மெதுவாக வளரும் லிம்போமா பெரும்பாலும் எலும்பைத் தொடவே தொடாது. ஆக, வயது 67, வலி இல்லை, ஒரே சீரான கட்டி, விழியைத் தழுவியிருக்கிறது, எலும்பு அப்படியே இருக்கிறது. இவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்ததால்தான் படம் பார்த்த அந்த ரேடியாலஜிஸ்ட் லிம்போமா என்று எழுதினார். நீங்கள் ஆறுதலாக எடுத்துக்கொண்ட அந்த ஒரு வரி, அவர் சந்தேகப்பட்டதற்கான காரணங்களில் ஒன்று.

அப்படியானால் படம் பார்த்தே முடிவு சொல்லிவிடலாமே? முடியாது. இதே மாதிரிப் படத்தைக் கொடுக்கிற வேறு நோய்கள் இருக்கின்றன. புற்றுநோயே இல்லாமல் நிணநீர் அணுக்கள் வெறுமனே பெருகி நிற்பதுண்டு. ஐஜிஜி4 என்ற புரதத்தோடு தொடர்புள்ள ஒரு நோய் பெரும்பாலும் இரண்டு கண்ணீர்ச் சுரப்பிகளையும் வீங்க வைக்கும். காரணம் தெரியாத அழற்சியும் உண்டு. நான் முப்பது வருஷம் பார்த்தும், இவற்றைப் படத்தை மட்டும் வைத்து நூற்றுக்கு நூறு பிரித்துச் சொன்னதில்லை. எவராலும் முடியாது. கட்டி எங்கே இருக்கிறது, எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, கத்தியை எந்த வழியாக உள்ளே விட்டால் பத்திரம் என்பதைப் படம் சொல்லும். கட்டியின் பெயரைச் சொல்ல ஒரு துண்டு சதை வேண்டும்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். பெரும்பாலும் மேல் இமை மடிப்பிலேயே வெட்டுவார்கள். கண்ணைத் திறந்தால் தழும்பு மடிப்புக்குள் மறைந்துவிடும். கட்டி முழுவதையும் தோண்டி எடுக்க மாட்டார்கள், பரிசோதனைக்குப் போதுமான துண்டு போதும். நீங்கள் அறுவை செய்யும் டாக்டரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "துண்டில் ஒரு பகுதியை ஃபார்மலினில் போடாமல் அப்படியே ஆய்வகத்துக்கு அனுப்புவீர்களா?" ஃபார்மலின் என்பது சதை கெடாமல் இருக்க அதைப் போட்டு வைக்கிற திரவம். லிம்போமா சந்தேகம் இருக்கும்போது சில பரிசோதனைகளுக்கு அப்படி உயிரோடு இருக்கிற அணுக்கள் வேண்டும். அனுபவமுள்ளவர்கள் கேட்காமலே செய்வார்கள். கேட்பதில் தப்பில்லை.

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு 58 வயது. வலது கண் முன்னால் தள்ளியிருக்கிறது என்று கிளினிக்குக்குப் போனேன். கண்ணுக்குப் பின்னால் வீக்கம் என்று பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் வற்றிவிட்டது. மாத்திரை முடிந்ததும் மறுபடி வந்தது. மறுபடி மாத்திரை, மறுபடி வற்றியது. இது மூன்றாவது தடவை. மருந்து கேட்கிறது என்றால் கெட்ட நோய் இல்லைதானே? — பெயர் வேண்டாம், சுங்கை பட்டாணி

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை நான் நாலைந்து முறை படித்தேன். காரணத்தைச் சொல்கிறேன்.

என் அண்ணன் லோரி ஓட்டியவர், கூலிமில் வீடு. 2012-இல் பினாங்கில் ஒரு கல்யாணம். எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். இடது கண் கொஞ்சம் கீழே இறங்கினாற்போல் இருந்தது. ராத்திரி ஓட்டம், தூக்கம் இல்லை என்று நானே நினைத்துக்கொண்டு பாயசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தினமும் கண் குழிப் படங்களைப் பார்ப்பவள் நான்! அந்த மதியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறாது.

அதன்பிறகு எட்டு மாதத்தில் அவர் ஒரு கிளினிக்கில் மூன்று தடவை ஸ்டீராய்டு மாத்திரை வாங்கியிருக்கிறார். உங்களுக்கு நடந்தது போலவே வற்றும், வரும், வற்றும். எனக்குச் சொல்லவில்லை, தங்கச்சியைத் தொந்தரவு செய்வானேன் என்று. அண்ணிதான் ஒருநாள் போன் செய்தார். நான் போய் அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தேன். 2003-இல் எடுத்த மைகார்ட் போட்டோ. கட்டைவிரல் நகமளவுதான் முகம், ஆனால் இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில், மேல் இமையின் மடிப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. அட்டையை அவர் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தேன். இடது மடிப்பையே காணோம். விழி கீழேயும் மூக்குப் பக்கமும் தள்ளியிருந்தது. கண் டாக்டர் அளந்தபோது இடது கண் வலதைவிட 4 மில்லிமீட்டர் முன்னால் இருந்தது. இரண்டு கண்ணுக்கும் 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே ஏன் என்று கேட்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எடுத்தோம். கட்டி தெரிந்தது. அப்போதும் மாத்திரை உடம்பில் இருந்ததால் சுருங்கிப் போய்க் கிடந்தது. பயாப்சி செய்தார்கள். முடிவு என்ன தெரியுமா? சில நிணநீர் அணுக்கள் தெரிகின்றன, உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை என்று. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, ஆறு வாரம் காத்திருந்து, கட்டி திரும்ப வளர்ந்த பிறகு மறுபடி வெட்டினார்கள். இரண்டாவது தடவைதான் தெரிந்தது: மெதுவாக வளரும் மால்ட் வகை லிம்போமா. அந்த ஆறு வாரமும் அண்ணி கண் மூடவில்லை. அண்ணனுக்கு ஒரே இடத்தில் இரண்டு கத்தி.

இதுதான் உங்களுக்கு நான் சொல்ல வருவது. நிணநீர் அணுக்களை ஸ்டீராய்டு சுருக்கும். சாதாரண அழற்சியிலும் சுருக்கும், லிம்போமாவிலும் சுருக்கும். லிம்போமாவுக்குக் கொடுக்கும் மருந்துத் திட்டங்களிலேயே ஸ்டீராய்டு உண்டு. ஆகவே வற்றியது என்பதை வைத்து நோய் எது என்று முடிவு கட்ட முடியாது. கிளினிக் டாக்டர் நினைத்தது அடிப்படையே இல்லாத நினைப்பு என்றும் சொல்ல மாட்டேன். கண்ணுக்குப் பின்னால் திடீரென்று வலியோடு, சிவந்து வருகிற அழற்சி ஒன்று உண்டு. அதற்கு ஸ்டீராய்டுதான் மருந்து. ஆனால் முதல் தடவை வற்றித் திரும்பி வந்தவுடனே படமும் பயாப்சியும் செய்திருக்க வேண்டும். மூன்றாவது மாத்திரைச் சீட்டு எழுதுவதற்குப் பதில் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதியிருக்க வேண்டும்.

மாத்திரையை நீங்களாகத் திடுதிப்பென்று நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க சுகாதார கிளினிக்) போய், நடந்ததை வரிசையாகச் சொல்லி, கண் சிறப்பு மருத்துவருக்கு சூராட் ருஜுக்கான் (பரிந்துரைக் கடிதம்) வாங்குங்கள். மாத்திரை அட்டையையும் பழைய ஐ.சி. (அடையாள அட்டை) படத்தையும் எடுத்துப் போங்கள். ஸ்கேன் எடுக்கும் இடத்திலும் கடைசியாக எந்தத் தேதியில் மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். படம் பார்ப்பவருக்கு அது பெரிய உதவி. இடையில் பார்வை மங்கினாலோ, நிறங்கள் வெளிறித் தெரிந்தாலோ, கண் சிவந்து காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: சி.டி. எடுத்தாயிற்று. இப்போது எம்.ஆர்.ஐ.யும் எடுக்கச் சொல்கிறார்கள். ஒரே கட்டிக்கு எதற்கு இரண்டு படம்? அங்கே மூக்குத்தி, தாலி எல்லாம் கழற்ற வேண்டும் என்று ஒரு மிஸ்ஸி (நர்ஸ்) சொன்னார். மூக்குத்தி போட்டு நாற்பது வருஷம் ஆகிறது, கழற்ற வரவில்லை. — ஓர் அம்மா, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: அம்மா, சி.டி. எலும்பைப் பார்க்க நல்லது. சில நிமிஷத்தில் முடிந்துவிடும். மென்மையான சதையை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவதில் எம்.ஆர்.ஐ.தான் கெட்டி. அதில் எக்ஸ்ரே கதிரும் இல்லை.

கண் குழியில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே இருக்கிற கொழுப்பு எம்.ஆர்.ஐ.யில் நெய் மாதிரிப் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். கையில் மருந்து ஊசி போட்ட பிறகு கட்டியும் வெளுக்கும். வெள்ளைக்குள் வெள்ளை, எது கட்டி, எது கொழுப்பு? அதனால் கொழுப்பின் ஒளியை மட்டும் அணைத்துவிட்டு ஒரு படம் எடுப்போம். இருட்டில் கட்டி மட்டும் விளக்குப்போல் நிற்கும். அது பின்னால் எதுவரை போயிருக்கிறது, பார்வை நரம்பைத் தொடுகிறதா என்று அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

இன்னொரு படம் இருக்கிறது, டிஃப்யூஷன் என்று பெயர். எனக்கு ரொம்பப் பிடித்தது. உடம்பில் உள்ள நீரின் துகள்கள் சும்மா இருக்காது, அங்குமிங்கும் நகர்ந்துகொண்டே இருக்கும். எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்று இந்தப் படம் அளக்கும். சாதாரண நாளில் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோவில் படியில் நீங்கள் இஷ்டம்போல் ஏறலாம், இறங்கலாம், ஓரமாக உட்காரலாம். தைப்பூசத்தன்று? ஓர் அடி தள்ளி வைக்க முடியாது. லிம்போமாவுக்குள் அணுக்கள் அப்படி நெருக்கியடித்து நிற்பதால் நீருக்கு நகர இடமில்லை. டிஃப்யூஷன் படத்தில் கட்டி பளிச்சென்று தெரியும், ஏ.டி.சி. என்கிற கணக்குப் படத்தில் கறுத்துத் தெரியும். அழற்சியில் பெரும்பாலும் இவ்வளவு நெருக்கம் இருக்காது. இதுவும் பயாப்சிக்குப் பதில் ஆகாது, ஆனால் சந்தேகத்தை ஒரு பக்கம் நன்றாகச் சாய்க்கும்.

மூக்குத்தி விஷயம். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, உண்மைதான். ஆனால் கலப்பு உலோகமும் திருகாணியும் என்னவென்று யாருக்குத் தெரியும்? அதுவும் மூக்கு கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், உலோகத்தைச் சுற்றி படம் கறுத்து வளைந்து, நாம் பார்க்க வேண்டிய இடமே கெட்டுவிடும். முதல் நாளே நகைக்கடை பத்தரிடம் போய்க் கழற்றிக்கொள்ளுங்கள். எண்ணெய் விட்டு ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடுவார். நீங்களே இழுத்துப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

தாலியில் எனக்குப் பயம் தங்கத்தைப் பற்றி இல்லை, அதில் கோத்து வைத்திருக்கிற ஊக்குகளைப் பற்றி. நம் பெண்கள் முக்கால்வாசிப் பேர் கொடியில் இரண்டு மூன்று ஊக்கு வைத்திருப்பார்கள். அவற்றைக் காந்தம் இழுக்கும். வெறுங்கழுத்தாக இருக்க மனசு வராவிட்டால் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கண் மையை நன்றாகத் துடைத்துவிடுங்கள். கடையில் விற்கும் மை பலவற்றில் இரும்பு ஆக்சைடு இருக்கிறது. இமையில் ஒட்டிய அந்தக் கொஞ்சம் போதும், விழியின் முன்பக்கம் படத்தில் நெளிந்து போக. சிறுநீரகக் கோளாறு, பேஸ்மேக்கர், மூளையில் வைத்த கிளிப் ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பிறை தொழிற்பேட்டையில் வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்தவர்கள், எப்போதாவது கண்ணில் இரும்புத் துகள் தெறித்திருந்தால், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் அதைச் சொல்ல வேண்டும். முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். விழிக்குள் தங்கிய துகளைக் காந்தம் அசைத்தால் பார்வை போய்விடும்.

படம் எடுக்கும்போது கண்ணை மூடி, விழியை உருட்டாமல் இருக்கப் பாருங்கள். உள்ளே தடதடவென்று சத்தம் கேட்கும். சஷ்டி கவசம் தெரிந்தால் மனசுக்குள் சொல்லுங்கள். என்னிடம் வந்த பாட்டிகள் பலருக்கு அது கைகொடுத்தது.

கேள்வி: அம்மாவுக்கு மால்ட் லிம்போமா என்று உறுதியாகிவிட்டது. கண்ணை எடுத்துவிடுவார்களா? — செந்தூல்

பதில்: மாட்டார்கள். பயப்படாதீர்கள். கண்ணோடு நின்றிருக்கும் மால்ட் வகைக்குப் பெரும்பாலும் குறைந்த அளவு கதிர்வீச்சுதான் சிகிச்சை. 24 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்ற அளவைப் பன்னிரண்டு நாளாகப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். வெறும் 4 கிரேயை இரண்டே நாளில் கொடுத்து, தேவைப்பட்டால் பிறகு கூட்டுகிற முறையும் இருக்கிறது. வேறு இடங்களிலும் நோய் இருந்தால் ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்து. வயது மிகவும் ஆகி, தொந்தரவும் இல்லாதவர்களுக்குச் சில சமயம் ஒன்றும் செய்யாமல் கவனித்து மட்டும் வருவதும் உண்டு. கதிர்வீச்சுக்குப் பிறகு கண் உலர்ந்து எரியலாம், சில வருஷத்தில் கண்புரை வரலாம். இரண்டுக்கும் வழி இருக்கிறது.

கேள்வி: கட்டி கண்ணில்தான் இருக்கிறது. எதற்கு உடம்பு முழுக்க பெட் ஸ்கேன்? புத்ராஜெயாவில் உள்ள தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். போய் வந்தவர் ஒருவர், அதில் கண் கட்டி தெரியவே இல்லை என்கிறார். — கிள்ளான்

பதில்: அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். பெட் ஸ்கேனில் கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியாகப் போடுவார்கள். சர்க்கரையை அதிகம் தின்னும் இடம் ஒளிரும். மால்ட் வகை மெதுவாக வளர்வது, பசி குறைவு. பலருக்கு மங்கலாகத்தான் ஒளிரும். பக்கத்திலேயே மூளை எப்போதும் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருக்கும், விழியை அசைக்கும் தசைகளும் வேலை செய்துகொண்டே இருப்பதால் ஒளிரும். இவற்றுக்கு நடுவில் சின்னக் கட்டி அமிழ்ந்துபோகும். ஊசி போட்ட பிறகு கைபேசியைப் பார்க்காதே, பேசாதே, கண்ணை மூடிப் படு என்று சொல்வது அதனால்தான்.

கண்ணில் இருக்கும் கட்டியை நாம் எம்.ஆர்.ஐ.யில் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். பெட் எடுப்பது கழுத்து, நெஞ்சு, வயிறு என்று வேறு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேட. கண்ணில் மட்டும் என்றால் கண்ணுக்கு மட்டும் கதிர்வீச்சு போதும். வேறு இடத்திலும் என்றால் சிகிச்சையே மாறும். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை கேட்பதும் இதே காரணத்துக்கு. புத்ராஜெயாவுக்கு வெறும் வயிற்றில் போக வேண்டியிருக்கும், பசியாறிவிட்டுப் போய்விடாதீர்கள். இனிப்பு நீர் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அன்று காலை அதை என்ன செய்வது என்று முன்னதாகவே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்த நோய் கிளியிடமிருந்து வரும், ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் போய்விடும் என்று வாட்ஸாப்பில் வந்தது. வீட்டில் பச்சைக்கிளி வளர்க்கிறோம். — நிபோங் திபால்

பதில்: இதற்கு ஒரு வேர் இருக்கிறது. கிளமிடியா சிட்டாசி என்ற பாக்டீரியா பறவைகளிடம், குறிப்பாகக் கிளி இனத்திடம் காணப்படுவது. 2004-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கண்ணோர லிம்போமா நோயாளிகள் பலரின் கட்டியில் அதன் தடயத்தைக் கண்டார்கள். டாக்சிசைக்ளின் கொடுத்தபோது சிலருக்குக் கட்டி சுருங்கியது. பிறகு மற்ற நாடுகளில் தேடியபோது, சில இடங்களில் நிறையக் கிடைத்தது, சில இடங்களில் கிடைக்கவே இல்லை. கிளியைப் பறக்கவிட வேண்டாம். கூண்டைச் சுத்தம் செய்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்துக் கடையில் நீங்களே டாக்சிசைக்ளின் வாங்கிச் சாப்பிட்டு இரண்டு மாதத்தை வீணாக்காதீர்கள்.

கேள்வி: என் சின்னம்மாவுக்கும் 'கண் லிம்போமா' என்றுதான் சொன்னார்கள். ஆனால் அவருக்கு வெளியே வீக்கமே இல்லை, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறப்பதுபோல் இருந்தது. மூளைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். நீங்கள் சொல்வது பயப்பட வேண்டாத நோய்போல் இருக்கிறதே? — தைப்பிங்

பதில்: இரண்டும் வேறு வேறு நோய்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் குடும்பங்கள் குழம்பிப்போகின்றன. நான் இதுவரை எழுதியதெல்லாம் விழிக்கு வெளியே, அதைச் சுற்றியுள்ள சதையில் வருவது. சின்னம்மாவுக்கு வந்தது விழிக்கு உள்ளே, விழித்திரையிலும் அதன் முன்னால் உள்ள பசைநீரிலும் வருவது. அது வேகமான வகை, மூளையோடு உறவுள்ளது. அதனால்தான் மூளைக்கு எம்.ஆர்.ஐ. வேறு கண் நோய்போல் வேஷம் போட்டு மாதக்கணக்கில் ஏமாற்றும். பசைநீரில் கொஞ்சம் எடுத்துச் சோதித்தால்தான் பிடிபடும். சின்னம்மாவின் டாக்டர்கள் சொல்லும் தேதிகளைத் தவறவிடாதீர்கள். என் மற்ற பதில்களை அவருக்குப் பொருத்திப் பார்க்கவும் வேண்டாம்.

கேள்வி: கதிர்வீச்சு முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. கணவர் நன்றாக இருக்கிறார். இன்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறார்கள். போக வேண்டுமா? பழைய ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க் தட்டுகள் வீட்டில் அடைந்து கிடக்கின்றன, வீசிவிடலாமா? — ஜெலுத்தோங்

பதில்: போக வேண்டும். மால்ட் வகை நன்றாக அடங்கும், ஆனால் பத்து வருஷம் கழித்துக்கூடத் தலைகாட்டும். அதே கண்ணில் வரலாம், அடுத்த கண்ணில் வரலாம், வயிற்றிலோ வேறு இடத்திலோ வரலாம். கண் டாக்டர் இமையைப் புரட்டி, வெண்விழியின் மேல் ரோஜா நிறத்தில் சதைத் திட்டு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார். கழுத்திலும் காதுக்கு முன்னாலும் நெறிகட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் ஸ்கேன் எடுக்க மாட்டார்கள்.

தட்டுகளை வீசாதீர்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு அந்த இடத்தில் கொஞ்சம் தழும்புச் சதை நிற்கும். இரண்டு வருஷத்துக்கு முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இது பழைய தழும்பு, அப்படியே இருக்கிறது என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். பழைய படம் இல்லையென்றால் சந்தேகத்தில் மறுபடி பயாப்சி கேட்க வேண்டி வரும். ஆஸ்பத்திரி மாறினால் பழைய படம் தானாக உங்கள் பின்னால் வராது.

அண்ணனுக்குக் கதிர்வீச்சு முடிந்து பதினோரு வருஷம் தாண்டிவிட்டது. 2017-இல் இடது கண்ணில் கண்புரை எடுத்தார்கள். அவருடைய தட்டுகள் எல்லாம் அலமாரிக்கு மேல் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் அண்ணி மார்க்கர் பேனாவால் தேதியும் 'இடது கண்' என்றும் எழுதி வைத்திருக்கிறார். மேலே அந்தப் பழைய ஐ.சி.யின் போட்டோஸ்டாட் ஒன்று.